மாமாவின் குரலில் இருந்த விடை

என் அருமை மாமாவுக்கு,

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன், விளக்கம் பிறகு. பாஸ், மாமா. உதவிப் பொறியாளர் தேர்வில் உங்கள் மருமகள் பாஸ். சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு எல்லாம் முடிந்து, வேலையில் சேரச் சொல்லி உத்தரவும் இன்று காலை வந்துவிட்டது. கால் ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. அதனால்தான் வலுக்கட்டாயமாக உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன்.

உடனே உங்கள் பிள்ளைக்கு போன் போட்டேன். பாடி மேம்பாலத்தடியில் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னதும் லாரி ஹாரனுக்கு மேலே குரலை உயர்த்தி, "நைனா இருந்திருந்தா மேனாம்பேடு பூரா லட்டு குடுத்திருப்பாரு" என்றார். கொடுத்திருப்பீர்கள்தான். கூடவே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கேள்வியும் கேட்டுவிட்டு வந்திருப்பீர்கள்.

ஆவடி ஃபாக்டரியிலிருந்து ரிடையர் ஆகி வந்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஃபேனைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தவர் நீங்கள். நான் கட்டட சைட் வேலையை விட்டுவிட்டுத் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தேன். "நான் கேள்வி கேக்கறேன், நீ பதில் சொல்லும்மா" என்று ஒருநாள் சாயங்காலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என் கேள்வி-விடைப் புத்தகத்தோடு வந்தீர்கள். சிவில் இன்ஜினீயரிங் என்றால் வீடு கட்டுவது என்பதற்கு மேல் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் புத்தகத்தின் பின்னால் இருந்த சரியான விடையை முதலில் பார்த்துவைத்துக்கொண்டு, கேள்வியையும் நான்கு விடைகளையும் நீங்கள் வாசித்த மிடுக்கைப் பார்த்தால் கேள்வித்தாளே உங்களுடையது என்று நினைக்கத் தோன்றும்.

வீட்டில் நான் புலி. பத்து கேட்டால் ஒன்பது சரி. தெருவெல்லாம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டீர்கள். பரீட்சை ஹாலில் போய் உட்கார்ந்தால் நான்கு விடையும் ஒரே மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தன. அந்த முறை கோட்டைவிட்டேன்.

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த அந்த வாரம்தான் குட்டு உடைந்தது. "சரி வுடு கண்ணு, இன்னொரு தபா பாப்போம்" என்று புத்தகத்தைப் பிரித்து, ஒரு கேள்வியையும் நான்கு விடைகளையும் வாசித்தீர்கள். நான் வாயைத் திறக்குமுன் அத்தை சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டே, "சி" என்றார். சரி. அடுத்த கேள்விக்கு "ஏ" என்றார். அதுவும் சரி. சிமெண்டுக்கும் சாம்பலுக்கும் வித்தியாசம் தெரியாத அத்தை, மாமா. உங்களுக்கு நினைவிருக்கிறதா உங்கள் முகம் போன போக்கு?

எப்படி என்று கேட்டேன். "இதுல இன்னா கீது? தப்பானதையெல்லாம் இவுரு பஸ் கண்டக்டராட்டம் கடகடன்னு சொல்றாரு. சரியானது வந்தா மட்டும் கொரலு எறங்கிடுது, உன் மூஞ்சியப் பாத்துகினே சொல்றாரு" என்றார் அத்தை.

ஒரு வருஷமாக நான் படித்தது சிவில் இன்ஜினீயரிங் இல்லை, உங்கள் தொண்டையைத்தான். நான் ஜெயிக்க வேண்டும் என்று உங்களுக்கு அவ்வளவு ஆசை. நீங்கள் விடையைச் சொல்லாவிட்டாலும் அது குரல் வழியாக வெளியே வந்துவிட்டது. நீங்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டீர்கள். பிறகு மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

இன்னொரு முறை எழுதுவது, அதிலும் வராவிட்டால் பழையபடி சைட்டுக்கே போய்விடுவது என்று அன்று முடிவானது. நீங்களும் புதுச் சட்டம் போட்டீர்கள். "இனிமே நாலு விடையும் படிக்க மாட்டேன். பதிலச் சொல்லு, அப்பால ஏன்னு சொல்லு. எனக்குப் புரிஞ்சாத்தான் அடுத்த கேள்வி."

எத்தனை ஏன்கள், மாமா. பால்கனி மாதிரி ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் உள்ள கட்டுமானத்தில் முக்கியக் கம்பி மேல்பக்கம் வரவேண்டும் என்றேன். "இன்னாத்துக்கு? பாரத்தக் கீழ இருந்துதான தாங்கணும்?" என்று ஒரே பிடியாக நின்றீர்கள். அத்தையின் புது ஸ்பாஞ்சை எடுத்து, மேல்பக்கம் பிளேடால் ஒரு கீறல் போட்டு, ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டு மறுமுனையை உங்களை அழுத்தச் சொன்னேன். கீறல் வாயைப் பிளந்தது. மேலேதான் இழுபடுகிறது, அதனால் கம்பியும் அங்கேதான் வேண்டும் என்று புரிந்ததும் உங்களுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே. புத்தகத்தின் பின்னால் இருந்த விளக்கத்தையும் வாசித்துவிட்டு, "இவன் ஒரே வரியில தட்டிவுட்டுட்டான். நீ சொன்னதுதான் டாப்பு" என்றீர்கள். ஸ்பாஞ்சுக்காக அத்தையிடம் நாம் வாங்கிய திட்டு தனிக் கதை.

மறுநாளே பின் தெருவில் ஜன்னலுக்கு மேல் சன்ஷேடு கான்கிரீட் போடுகிற இடத்துக்குப் போய், "கம்பிய மிதிக்காதீங்கப்பா, அது மேலதான் இருக்கணும்" என்று நின்றிருக்கிறீர்கள். "பெரியவரே, நீங்க இன்ஜினீயரா?" என்று மேஸ்திரி கேட்டதற்கு, "நான் இல்ல, எம் மருமவ" என்று சொல்லிவிட்டு வந்தீர்களாம். அப்போது நான் பரீட்சையே பாஸாகவில்லை.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா? கோபமாகத்தான் இருந்தது. புத்தகத்தை அலமாரியில் போட்டேன். அத்தை அதைவிட மோசம். டிவி ஓடும், பார்க்க மாட்டார். என்ன சமைக்கலாம் என்று கேட்டால், "எனக்கு இன்னா கீது இனிமே, எதுனா செய்" என்பார். கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

ஹால் டிக்கெட் வந்த அன்று சாயங்காலம், அத்தை டிவியை நிறுத்திவிட்டு அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தார். இங்கிலீஷ் கேள்விக்குக் கீழே தமிழில் அச்சடித்திருந்த சொற்களில் பாதி அவருக்கும் புரியவில்லை, இங்கிலீஷிலேயே படித்த எனக்கும் புரியவில்லை. ஏற்ற இறக்கமே இல்லாமல், ரேஷன் கடை போர்டைப் படிப்பதுபோல் படித்தார். நான் விடையைச் சொன்னதும் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "ஏன்? அவுரு இருந்தா கேட்டிருப்பாரு" என்றார்.

தினமும் அப்படித்தான் நடந்தது. கொஞ்ச நாளில் புத்தகத்தில் இல்லாததையும் கேட்க ஆரம்பித்தார். "மேம்பாலத்துல நடுநடுவுல இன்னாத்துக்கு சந்து வுட்டுகீறாங்க? பஸ்ஸு டக்கு டக்குன்னு தூக்கிப் போடுது." வெயிலில் பாலம் நீளும், நீள்வதற்கு இடம் விடாவிட்டால் வெடித்துவிடும் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே, "மனுசாளுக்கும் அப்டித்தான்" என்றார்.

பரீட்சை ஹாலில் விடைகளைக் கையால் மூடிக்கொண்டு, ஒவ்வொன்றையும் உங்களுக்கு விளக்கிச் சொல்லிவிட்டுத்தான் குறித்தேன். உதடு அசைந்திருக்கிறது. "பேசாம எழுதுங்கம்மா" என்று மேற்பார்வையாளர் மேசையைத் தட்டினார். யாரோடு பேசுகிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

இன்று எல்லோரும் எத்தனை மார்க் என்று கேட்கிறார்கள். எது தப்பானது, ஏன் தப்பானது என்று கேட்க ஆளில்லை. நீங்கள் அதைத்தான் முதலில் கேட்டிருப்பீர்கள் என்று நினைத்தபோது மட்டும் கொஞ்சம் அழுதுவிட்டேன்.

சற்று முன் அத்தை வந்தார். உத்தரவைத் தடவிப் பார்த்தார். அலமாரிப் பக்கம் பார்த்துவிட்டு, "அந்தப் புக்குதான் முடிஞ்சிபோச்சே. நாளைக்கு நாம இன்னா படிக்கப் போறோம்?" என்று கேட்டார். நீங்கள் போனபிறகு அவர் வாயிலிருந்து நாளைக்கு என்ற வார்த்தையை நான் இன்றுதான் கேட்கிறேன், மாமா.

இனி அந்தக் கேள்வியை என் பொறுப்பில் விட்டுவிடுங்கள். எந்த ஊருக்கு மாற்றல் வந்தாலும் அத்தை என்னோடுதான் இருப்பார். அன்றன்று சைட்டில் பார்த்ததை, ஏன் என்று அவருக்குப் புரிகிறவரை உட்கார்ந்து சொல்வேன்.

இப்படிக்கு,
நீங்கள் முன்கூட்டியே இன்ஜினீயராக்கிவிட்ட
உங்கள் மருமகள்
கயல்விழி