பொனட்டில் கை வைத்தபோதே தெரிந்தது

நோர்வூட்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் நிலக்ஷிக்கு,

அப்பா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் மாப்பிள்ளையும் உன் மகள் சுலக்ஷனாவும் சுகம், அங்கே நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். ஆனால் மகளே, நான் சுகமாக இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே, மனதுதான் கிடந்து அடித்துக்கொள்கிறது, சோறு இறங்கவில்லை. முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிறகு படி. இன்னும் இரண்டு வருடம் வேலை செய்கிறேன் என்று நீ அங்கே வேலை செய்கிற வீட்டு அம்மா சனிக்கிழமை நீட்டப்போகும் காகிதத்தில் கையெழுத்துப் போடாதே. அவர்களிடம் முன்கூட்டிச் சம்பளம் வாங்கி மாப்பிள்ளை பேசி வைத்திருக்கிற அந்தக் காருக்கு அனுப்பாதே. நான் பார்த்துச் சரி என்று சொன்னதை நம்பித்தானே நீ ஒத்துக்கொண்டாய். நான் சொன்னது பொய்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். வீட்டில் முகம் பார்த்துப் பேசுகிற போன் ஒன்றுதான் இருக்கிறது, அது மாப்பிள்ளையுடையது. வெள்ளிக்கிழமைகளில் நீ பேசும்போது அவர் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், நானும் அம்மாவும் பின்னால் நின்று தலையாட்டுகிறோம். தோட்டத்து மேல் டிவிஷன் அழகம்மா லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை மஸ்கட் திரும்புகிறாள், அவள் வேலை செய்யும் வீடு உனக்கு அடுத்த தெருதானே, அவள் பெட்டியில் அம்மா இடித்த மாசிக் கருவாட்டுச் சம்பல் போத்தலோடு இந்தக் கடிதமும் வருகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, இந்த மழையிலும் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறாள், நில் என்றால் கேட்பதில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை என்னைக் கினிகத்தேனைக்குக் கூட்டிப்போனார், பழைய கார்கள் விற்கிற இடத்துக்கு. வெள்ளைக் கார், கழுவித் துடைத்து டயருக்கெல்லாம் கறுப்புப் பூசி நிறுத்தியிருந்தார்கள். வயது இருபத்தெட்டு, மீட்டரில் தொண்ணூற்றெட்டாயிரம் கிலோமீட்டர். முப்பத்தோரு வருடம் தோட்டத்து லொறி ஓட்டிய எனக்கே காது குத்தப் பார்க்கிறார்கள். பிரேக் மிதியில் ரப்பர் தேய்ந்து இரும்பு பளபளக்கிறது, ஓட்டுகிறவர் சீட்டின் ஓரம் குழி விழுந்திருக்கிறது, ஸ்டியரிங் கை பட்டுப் பட்டு வழவழப்பாகிவிட்டது. மூன்று லட்சத்துக்குக் குறைவாக ஓடியிருக்க வழியே இல்லை. பொனட்டில் கை வைத்தேன், சுட்டது. நாங்கள் வரும் முன்பே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள் என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. சூடான எஞ்சின் தன் நோயைக் காட்டாது மகளே, அதற்காகத்தான் அப்படிச் செய்வார்கள்.

விற்கிறவர் எனக்கு நாற்காலி போட்டு பால் தேத்தண்ணி கொடுத்து, பெரியவர் லொறி ஓட்டினவராமே, அவரே சொல்லட்டும் என்றார். மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார். எட்டு வருடமாக அடுத்தவனுடைய ஆட்டோவை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிற மனுஷன், சொந்தமாக ஒன்று வந்துவிடும் என்ற ஆசை அந்த முகத்தில் அப்படியே தெரிந்தது. வெளியாள் முன்னால் மாப்பிள்ளையின் பேச்சை மாமனார் வெட்டிப் பேசுகிற வழக்கம் நம் லயத்து வீடுகளில் எங்கே இருக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் உழைப்பில் சாப்பிடுகிறேன் என்பதும் நினைவுக்கு வந்தது. "நல்லாத்தான் இருக்கு" என்றேன். இரண்டே சொல். வீட்டுக்குப் போய்த் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், ஆனால் அவர் அங்கேயே முன்பணம் கொடுத்துவிட்டார், பஸ்ஸிலிருந்தே உனக்குப் பேசி, மாமா பார்த்துச் சரி என்றுவிட்டார் என்றும் சொல்லிவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை நீ சித்திரைக்கு வரவில்லை, மீதிப் பணத்துக்காக இன்னும் இரண்டு வருடம் நிற்கப்போகிறேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். என் இரண்டு சொல்லுக்கு உன் இரண்டு வருடம் விலை என்று அப்போதுதான் தெரிந்தது. அப்போதும் நான் தலையாட்டிக்கொண்டுதான் நின்றேன்.

மறுநாள் சுலக்ஷனாவுக்கு முன்பல் விழுந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள், பல்லைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "தாத்தா, காரு வந்தா அம்மா வரமாட்டாங்களாமே, அப்ப காரு வேணாமுன்னு யாருகிட்ட சொல்றது?" என்று கேட்டாள். நான் எழுந்து வெளியே போய் நின்றேன். உன்னை அனுப்பியபோது அவளுக்கு மூன்று வயது, இப்போது ஆறு, திரும்பவும் இரண்டு என்றால் எட்டு.

அதனால் புதன்கிழமை, டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு மருந்து எடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, முதல் பஸ்ஸில் தனியாகக் கினிகத்தேனைக்குப் போனேன். விற்கிறவர் இன்னும் வரவில்லை, கார் கழுவுகிற சிங்கள ஆள் ஒருவர்தான் இருந்தார், அவரிடம் கெஞ்சிக் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ண வைத்தேன். நான்காவது தரம்தான் பிடித்தது, பின்னால் நீலப் புகை. ஒயில் ஊற்றுகிற மூடியின் உட்புறம் வெள்ளையாகக் கஞ்சி மாதிரி ஒட்டியிருந்தது, தண்ணீர் ஒயிலில் கலந்துவிட்டது, எஞ்சினுக்கு அது பெரிய நோய். கால்மிதியைத் தூக்கினால் கீழே துரு அரித்த ஓட்டை, அதன்மேல் தகரத் துண்டு. ஹட்டன் பக்கமாகக் கொஞ்சம் ஏற்றிப் பார்த்தோம், இரண்டாவது வளைவு வரும் முன்பே சூட்டு முள் மேலே போய்விட்டது, திரும்பி இறங்கும்போது பிரேக்கை ஒரு மிதி மிதித்தால் பிடிக்கவில்லை, இரண்டாவது மிதிக்குத்தான் பிடித்தது. காரிலேயே கிடந்த பதிவுப் புத்தகத்தில் எட்டுச் சொந்தக்காரர் பெயர் இருக்கிறது, விற்கிறவர் பெயர் அதில் இல்லை, எட்டாவது ஆள் வாங்குகிறவர் பெயர் எழுதாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெறும் பத்திரத்தில்தான் கைமாறிக்கொண்டிருக்கிறது. நாளைக்கு ஒரு வழக்கு என்றால் அந்த ஆளை எங்கே போய்த் தேடுவது. போன மாதமும் ஒருவர் இதை வாங்கிப்போய் மூன்றாம் நாள் திருப்பிக்கொண்டு வந்தார் என்று அந்தச் சிங்களவர் சொல்லி, என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

பழைய கார் என்றாலே கெட்டது என்று சொல்ல வரவில்லை. நான் ஓட்டிய லொறி உன்னைவிட வயது கூடியது, கடைசி வரை ஏறியது, ஏனென்றால் நேரத்துக்கு ஒயில் மாற்றினோம். அதிகம் ஓடியதும் குற்றமில்லை, ஒரே ஆள் கையில் இருந்து, செய்த வேலைக்குப் பற்றுச்சீட்டு வைத்திருந்தால் மூன்று லட்சம் ஓடிய காரையும் நம்பி வாங்கலாம். என்றைக்காவது மாப்பிள்ளை வாங்கட்டும், ஆனால் விடிந்ததும் போய்க் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும், நமக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போக வேண்டும், ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஓட்டிப் பார்க்காமல் ஒரு சதம் கொடுக்கக் கூடாது, புத்தகத்தில் பெயர் உள்ளவர் நேரில் வர வேண்டும். இந்தக் காரில் அவர் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றப்போகிறாராம், முன்சீட்டில் சுலக்ஷனாவாம். ஏற்றத்தில் நின்றுபோனால் டயருக்குக் கல் வைக்கலாம் மகளே, இறக்கத்தில் பிரேக் பிடிக்காவிட்டால் எதை வைப்பது.

அன்று மாலையே அவரிடம் சொன்னேன், சொல்லாமல் இல்லை. அவர் கத்தவில்லை. "அன்னைக்கி நல்லாருக்குன்னீங்க, இன்னைக்கி இல்லங்கிறீங்க. நான் தலையெடுக்கிறது ஒங்களுக்குப் புடிக்கலன்னா நேராச் சொல்லிருங்க மாமா" என்றார். அதற்குப் பிறகு என்னோடு பேசுவதில்லை. அவர்மேல் குற்றமில்லை, குடிக்க மாட்டார், பிள்ளையை அடிக்க மாட்டார், லயத்தில் எல்லோரிடமும் கார் வருகிறது என்று சொல்லி, பூஜைக்குப் பூசாரியிடமும் நாள் கேட்டாயிற்று. இனிமேல் பின்வாங்கினால் முகத்தை எங்கே வைப்பார், அதுதான் அவருக்குப் பயம்.

அதற்கு ஒரு வழிதான் எனக்குத் தெரிகிறது. வெள்ளிக்கிழமை பேசும்போது சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொல், பக்கத்து வீட்டு ஆட்களும் நம் காம்பரா அறையில் இருக்கட்டும். மாப்பிள்ளையை ஒரு வார்த்தை குறை சொல்லாதே. அப்பா பார்க்கத் தெரியாமல் பார்த்துவிட்டார், அவர் பேச்சை நம்பி என் புருஷன் ஏமாறப் பார்த்தார் என்று சொல். நான் எல்லோர் முன்னாலும் வந்து ஆமாம், தப்பு என்னுடையது என்பேன். லொறிக்கார மாயாண்டிக்கு ஒரு காரைப் பார்க்கத் தெரியவில்லை என்று இந்த டிவிஷனே சிரிக்கட்டும், எனக்கு அது பாரமில்லை. முன்பணம் போனால் போகட்டும். நீ சித்திரைக்கு வா, வெறுங்கையோடு வந்தாலும் வா.

எந்த ஊரில் இருந்தாலும் அம்மன் உனக்குத் துணை நிற்பாள், நீ கால் வைக்கிற இடமெல்லாம் நல்லதாக இருக்கும். வேளைக்குச் சாப்பிடு, பதில் ஒன்றும் எழுத வேண்டாம், சனிக்கிழமையை மட்டும் மறக்காதே. ஒருவேளை அந்த வீட்டுக்கார அம்மா அவசரப்பட்டு இந்தக் கடிதம் வரும் முன்பே கையெழுத்து வாங்கியிருந்தால், வெள்ளிக்கிழமை அம்மாவிடமும் பிள்ளையிடமும் பேசிவிட்டு வைத்துவிடு. என்னைக் கூப்பிடாதே மகளே.

உன் அப்பா,
மாயாண்டி