பெரிய டிரம்முக்கு அனல் காட்டிய காலை

என் தொல்லைகளையெல்லாம் பொறுத்த அக்காவுக்கு,

நீ போன பிறகு உன் தம்பி எவ்வளவு பெரிய ஆளாகிவிட்டான் என்பதை முதலில் தெரிந்துகொள். பெண்கள் பள்ளிக்கூடத்துப் பேண்டு வாத்தியப் பெற்றோர் குழுவுக்கு நான்தான் தலைவர். மூவுலகிலும் எனக்குப் போட்டி இல்லை. கூட்டத்துக்கு வந்தவர்களில் வேலைவெட்டி இல்லாதவன் நான் ஒருவன்தான் என்பது வேறு விஷயம்.

உன் மகள் செல்வி சின்ன டிரம் அடிக்கிறாள். சாதாரண அடியா அது? அவள் பழக ஆரம்பித்த அன்று கொல்லையில் இருந்த தேங்காயெல்லாம் தானாக உதிர்ந்தது. நாகப்பட்டினத்துக்கு வந்த கப்பல்கள் பயந்து திரும்பிவிட்டன. சிங்கப்பூரில் அத்தானுக்கும் கேட்டிருக்கும். கடுதாசியில் அதைப் பற்றி ஒரு வரி எழுதினாரா, பார்!

நாளைக்குக் குடியரசு தினம். மந்திரி வருகிறார். பள்ளிக்கூடத்திலிருந்து குத்தாலம் மைதானம்வரை பிள்ளைகள் வாசித்துக்கொண்டே நடக்க வேண்டும். அந்தச் சாலையை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை, அக்கா.

கூலிப் பேச்சு முறிந்து சம்பா அறுப்பு நின்றுபோயிருக்கிறது. முற்றிய கதிர் வயலிலேயே சாய்ந்து கிடக்கிறது. அந்தச் சாலையின் இரண்டு பக்கமும் வரப்பெல்லாம் சிவப்புக் கொடி. வெளியூர் ஆட்களை இறக்குவோம் என்று மிராசுதார்கள் சொல்கிறார்கள். இறக்கிப் பாருங்கள் என்று சங்கத்து ஆட்கள் சொல்கிறார்கள். மதகடியில் போலீஸ் வேன் நிற்கிறது. பக்கத்து ஊரில் ஒரு வைக்கோல் போர் எரிந்துபோனது. யார் வைத்த தீ? இவர்கள் அவர்களைக் காட்டுகிறார்கள், அவர்கள் இவர்களைக் காட்டுகிறார்கள்.

என் குழுவிலும் இரண்டு தரப்பும் உண்டு. மேலத்தெரு மிராசுதார் மனைவி மீனாட்சி அம்மாளின் மகள் குழல் ஊதுகிறாள். விவசாயத் தொழிலாளர் சங்கத்துக் கோவிந்தனின் மகள் அஞ்சலை பெரிய டிரம்மைச் சுமக்கிறாள். பிள்ளைகள் ஒன்றாகத்தான் சோறு சாப்பிடுகிறார்கள். அறுப்பு நின்றதிலிருந்து இந்த இரண்டு பெரியவர்களும் நேருக்கு நேர் பேசுவதில்லை. நடுவில் நான் தபால்காரன்.

இன்றைக்குக் காலையில் ஒத்திகை. தைப் பனியில் பெரிய டிரம்மின் தோல் தொங்கிப்போய்விட்டது. அடித்தால் ஈரச் சாக்கை அடித்த சத்தம். தோல் வாத்தியம் தொய்ந்தால் அனல் காட்ட வேண்டும் என்பது நம் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். பெற்றோர் எல்லோருமாகச் சேர்ந்து பள்ளிக்கூடத்துப் பின்சுவரோரம் வைக்கோலைப் போட்டுக் கொளுத்தினோம். டிரம்மின் ஒரு விளிம்பை மீனாட்சி அம்மாளும் மறு விளிம்பைக் கோவிந்தனும் பிடித்துக்கொண்டார்கள்.

“தலைவரே, அவங்களைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்க. தோலு பொசுங்கிடும்” என்றார் கோவிந்தன்.

“நான் சரியாத்தான் பிடிச்சிருக்கேன். முதல்ல அவரை இறக்கச் சொல்லுங்க!”

ஒரே டிரம்மைப் பிடித்துக்கொண்டு இப்படிச் சண்டை போட்டார்கள், அக்கா!

எங்கள் எல்லோருக்கும் ஒன்று மறந்துபோனது. வைக்கோலும் பனியில் நனைந்திருந்தது. புகை கிளம்பியது பார், தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கலசமே மறைந்திருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் மீனாட்சி அம்மாள் வீட்டுக் களம். நம் வட்டாரத்தில் இப்போது புகை என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா?

களத்திலிருந்து அவர்கள் ஆட்கள் தடியோடு ஓடிவந்தார்கள். தடியோடு ஓடுகிறவர்களைப் பார்த்துத் தெற்குத் தெருவிலிருந்து கோவிந்தனின் ஆட்கள் அரிவாளோடு ஓடிவந்தார்கள். நடுவில் வெள்ளைச் சட்டை போட்ட நம் பிள்ளைகள். செல்வி குச்சியைத் தூக்கியபடி அப்படியே நின்றாள். என் கால் இரண்டும் என்னை விட்டுவிட்டுக் காசிக்குப் போய்விட்டன.

டிரம்மை விட்டால் நெருப்பில் விழும். அதனால் அவர்கள் இருவரும் விடவில்லை. புகை விலகியபோது இரண்டு கூட்டமும் பார்த்தது அதைத்தான்.

“அம்மா! நீங்க இங்க என்ன பண்றீங்க?” என்றார் களத்துக் காரியக்காரர்.

“கண்ணு அவிஞ்சா போச்சு? டிரம்மு காய்ச்சறேன். தடியைக் கீழ போட்டுட்டுக் காஞ்ச வைக்கோலா ரெண்டு பிடி கொண்டா!”

கோவிந்தனும் தன் ஆட்களைப் பார்த்துக் கத்தினார். “என்னடா வேடிக்கை? பின்னால போங்கடா, புள்ளைங்க பயப்படுது!”

பிறகு அந்த அம்மாள் என்னைத் தேடவில்லை. “கோவிந்தா, உன் பக்கம் சாயுது பாரு” என்றார். “பிடிச்சிருக்கேம்மா” என்றார் அவர்.

அதோடு சமாதானம் பிறந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். பிறக்கவில்லை. தோல் விறைத்துக்கொண்டது, அவ்வளவுதான். கொடி வரப்பிலேயே இருக்கிறது. இன்னும் ஆத்திரத்தோடுதான் ஆட்கள் கலைந்து போனார்கள். சாயங்காலம் கூடிப் பேசினோம். பிள்ளைகளோடு நாங்களும் நடப்பது என்று முடிவு. களத்துப் பக்கம் மீனாட்சி அம்மாள், தெற்குத் தெருப் பக்கம் கோவிந்தன். “அவங்க ஆளுங்களை அவங்க பாத்துக்கட்டும், என் ஆளுங்களை நான் பாத்துக்கறேன்” என்றார் கோவிந்தன். நல்ல யோசனைதான். ஆனால் சாலை நீளமாயிற்றே? யார் ஆள் என்று தெரியாதவன் ஒருத்தன் நின்றால்?

வீட்டுக்கு வந்து மெல்லக் கேட்டுப் பார்த்தேன். “செல்வி, உனக்குக் காய்ச்சல்னு டீச்சர்கிட்டச் சொல்லிடவா?”

“காய்ச்சல் எனக்கா, உங்களுக்கா மாமா?”

அப்படியே உன் வாய். சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே அவளே சொன்னாள்: “நடக்கறப்ப நேராத்தான் பாக்கணும் மாமா. பக்கத்துல யானை வந்தாலும் திரும்பக் கூடாதாம், டீச்சர் சொல்லியிருக்காங்க.”

நீ இருந்தால் அனுப்புவாயா, அக்கா? மாலை போட்ட உன் படத்தைப் பார்த்து எத்தனை முறை கேட்டுவிட்டேன். பதில் சொல்ல மாட்டேன் என்கிறாய். அனுப்பத்தான் போகிறேன்.

ஒன்று மட்டும் சத்தியம். அவள் நேராகப் பார்த்து நடக்கட்டும். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்க நான் கூடவே நடக்கிறேன். என் கால் நாளைக்கு எங்கும் போகாது.

இப்படிக்கு,
உன் மகளின் இடப்பக்கத்தில் நடக்கப்போகும் தாய்மாமன்,
உன் ஒரே தம்பி