எங்கள் வீட்டுக் கதவில் சிவப்பு

ஜனவரி 9, 2025, வியாழன்

நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வந்த ஒரு பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ நேபாளாம்மா?" என்றார். "இல்லைங்க, பாண்டிதான்." "தமிழ் நல்லா பேசுறியே." மூச்சை இழுத்துப் பிடிங்க, பேசாதீங்க என்றேன். இந்த வேலையில் அது ஒரு வசதி.

வீட்டுக்கு வந்தால் தாய்கூவின் போன். அப்பாவின் அக்கா. ஹக்கா என்ற எங்கள் சீனப் பேச்சில் அவரைத் தாய்கூ என்றுதான் கூப்பிட வேண்டும், அத்தை என்றால் பிடிக்காது. கல்கத்தாவில் வாழ்க்கைப்பட்டவர். இருபதாம் தேதி வருகிறார். சீனப் புது வருஷம் இந்தத் தடவை இருபத்தொன்பதாம் தேதி. அதற்குள் வெள்ளையடிக்கணுமாம், வாத்துக்குச் சொல்லி வைக்கணுமாம். "ஒங்கம்மா இல்லன்னு எதையும் விட்றக் கூடாது, மோய்லான்."

என்னை மோய்லான் என்று கூப்பிடுவது அவர் ஒருவர்தான். அம்மா வைத்த பெயர் சிந்துஜா.

அம்மா போனது செப்டம்பரில். எதை விடக் கூடாது?

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். உழவர்கரையில் கண்ணையன் மாமா வீட்டுக்குப் போனேன். அம்மாவின் தம்பி. தெரு முழுக்கக் கரும்பும் கோலமும், மாமா வீட்டு வாசலில் மட்டும் வெறும் தண்ணீர் தெளித்திருந்தது. பக்கத்து வீட்டம்மா வந்து, கட்டிக் கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டில் பண்டிகையை நிறுத்த வேண்டும் என்று முறை இல்லையே என்றார். "முறை இல்லாட்டி போவுது. எனக்கு மனசு வரலைங்க" என்றார் மாமா. சோறும் ரசமும் சாப்பிட்டோம்.

அந்தத் தெருப் பிள்ளைகள் என்னைச் சைனாக்கா என்பார்கள். இன்றைக்கு அதற்குக்கூடக் கோபம் வரவில்லை.

ஜனவரி 20, திங்கள்

தாய்கூ வந்துவிட்டார். ஒரு பெட்டி நிறையச் சிவப்பு. கதவின் இரண்டு பக்கமும் ஒட்டும் காகிதம், விளக்கு, மேசைத் துணி, எனக்கு ஒரு சிவப்புச் சட்டை. பெட்டியைத் திறந்த கையோடு ஹாலைச் சுற்றிப் பார்த்தார். அம்மாவின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி என் கட்டில்மேல் கொண்டுபோய் வைத்தார்.

"புது வருஷத்துல செத்தவங்க மொகம் ஹால்ல வாணாம்."

ஹாலில் தாத்தா படம் இருக்கிறது. பாட்டி படம் இருக்கிறது. இரண்டுக்கும் ஊதுபத்தி எரிகிறது. அவர்கள் என்ன, வெளியூர் போயிருக்கிறார்களா?

அப்பா கீழே எங்கள் பூட்ஸ் கடையில் தோல் வெட்டிக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன். கத்தரியை நிறுத்தாமல், "புது வருஷம் போவட்டும்மா. அப்பறம் பேசிக்கலாம்" என்றார்.

ஜனவரி 21, செவ்வாய்

படம் என் அறையில். அப்பா அதைக் கடந்துதான் குளிக்கப் போனார். நிற்கவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

சமையலை நான் செய்யணுமாம். "ஒங்கம்மா செஞ்ச மாரியே செஞ்சிடு." அதாவது அம்மாவின் கை வேண்டும், முகம் வேண்டாம்.

சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு புது வருஷமும் எனக்கு ஒரே மாதிரிதான். வைத்திக்குப்பத்துக்குப் போய் அம்மா தலையும் வாலும் வெட்டாத முழு மீன் வாங்கி வருவாள். பாட்டி சொல்லிக் கொடுத்தபடி இஞ்சி வைத்து ஆவியில் வேக வைப்பாள். யாரும் பார்க்காதபோது ஒரு சிட்டிகை மஞ்சள். "கவுச்சி போவணும்ல" என்று கண்ணைச் சிமிட்டுவாள். மீன் லேசாக மஞ்சளாக வரும். புது வருஷத்துக்கு வந்திருக்கும் தாய்கூ அதைப் பார்த்துவிட்டு ஹக்காவில் ஏதோ சொல்வார், மேசையைச் சுற்றி எல்லாரும் சிரிப்பார்கள். இத்தனைக்கும் தாய்கூ இந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர். மார்க்கெட்டில் அவர் தமிழில் பேரம் பேசினால் மீன்காரம்மாவே அசந்து போவார். அம்மா பக்கத்தில் வந்தால் மட்டும் தமிழ் மறந்துவிடும்.

தாத்தா படத்துக்கு முன்னால் எல்லாரும் ஊதுபத்தி பிடித்து மூன்று முறை குனிவோம். நானும் குனிவேன். எதற்கு என்று தெரியாது. என்ன வேண்டிக்கொள்ள வேண்டும் என்று ஒருவரும் சொன்னதில்லை. திரும்பிப் பார்த்தால் அம்மா சமையலறை வாசலில் ஈரக் கையோடு நிற்பாள். அவளை யாரும் கூப்பிட மாட்டார்கள். நானும் கூப்பிடவில்லை, கூப்பிடலாம் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

இது என் பண்டிகை என்று ஒரு வருஷம்கூட நான் நினைத்ததில்லை. அம்மாவின் பண்டிகை என்று மாமா வீட்டுக்குப் போனால் அங்கேயும் விருந்தாளிதான். ஆனால் அங்கே யாரும் என் தலைக்கு மேலே வேறு பாஷை பேசிச் சிரித்ததில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

இன்றைக்கே எழுதி முடித்துவிடுகிறேன்.

தாய்கூவின் மகள் ரோசலின் கனடாவிலிருந்து வீடியோவில் வந்தாள். வாசல் கதவில் தாய்கூ ஒட்டிய சிவப்புக் காகிதத்தை அவளுக்குக் காட்டினேன். அவள் முகம் மாறிவிட்டது. இந்த வருஷம் உங்கள் வீட்டில் ஏன் சிவப்பு என்று கேட்டாள். என்ன கேட்கிறாள் என்றே எனக்குப் புரியவில்லை.

வீட்டில் ஒருவர் இறந்தால் அந்த வருஷம் கதவில் சிவப்பு ஒட்ட மாட்டார்களாம். விருந்து கிடையாது, யார் வீட்டுக்கும் போகவும் மாட்டார்கள். அவளுடைய அப்பா இறந்த வருஷம் கல்கத்தா வீட்டுக் கதவு வெறும் கதவாகத்தான் இருந்ததாம். தாய்கூதான் முன்னால் நின்று அதைக் கவனித்துக்கொண்டாராம்.

ஆக, தெரியும். தெரிந்தேதான் பெட்டி நிறையக் கொண்டு வந்திருக்கிறார். கதவில் சிவப்பு இருந்தால், இந்த வீட்டில் யாரும் சாகவில்லை என்று அர்த்தம்.

அப்பாவுக்கும் தெரியும்தானே? தெரியாமல் எப்படி இருக்கும்?

ஜனவரி 27, திங்கள்

கேட்டுவிட்டேன். சாப்பிடும்போது, இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு.

தாய்கூ அலட்டிக்கொள்ளவில்லை. "அது வூட்டு மனுஷங்களுக்கு. ஒங்கம்மா இந்த வூட்டுக்கு முறையா வந்தவ இல்ல. ரிஜிஸ்டர் ஆபீசுல கையெழுத்துப் போட்டா ஆச்சா? கல்யாணப் பொண்ணு மாமனாருக்கு மண்டி போட்டு டீ குடுக்கணும், அவரு வாங்கிக் குடிக்கணும். எங்கப்பா வாங்கல. கடைசி வரைக்கும் வாங்கல."

எனக்கு இது தெரியாது. பக்கவாதத்தில் விழுந்த தாத்தாவுக்கு மூன்று வருஷம் கஞ்சி ஊட்டினவள் அம்மா. கஞ்சியை வாங்கிக்கொண்ட வாய்தானே அது?

"கஞ்சி குடிச்சார்ல, மூத்திரத் துணி தொவச்சா வாணாம்னாரா?" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அம்மா வீட்டுத் தெருக் குரல் மாதிரி இருந்தது. இருக்கட்டும். அதுதான் என் குரல்.

அப்பாவைப் பார்த்தேன். "நீங்க சொல்லுங்கப்பா. அவங்க ஒங்க பொண்டாட்டியா இல்லியா?"

அப்பா சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "பெரியவ பேசுறா. நீ உள்ள போம்மா."

போனேன். அம்மா படத்தையும் நாலு துணியையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி ஆட்டோ பிடித்தேன். உழவர்கரை.

ஜனவரி 28, செவ்வாய்

புது வருஷத்துக்கு முந்தின ராத்திரி, அவர்களுக்குக் குடும்ப விருந்து. சமைக்க ஆள் இல்லை. பசிக்கட்டும்.

ஜனவரி 29, புதன்

அங்கே புது வருஷம். இங்கே தை அமாவாசை. இரண்டும் ஒரே அமாவாசையில் வந்திருக்கிறது.

மாமா கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கூட்டம். எள்ளும் தண்ணீரும் கொடுக்க உட்கார்ந்தபோது ஐயர், "வீட்டுக்காரர் இருக்காரா? அவர்தானே பண்ணணும்" என்றார். "வெளியூர் போயிருக்காரு" என்றார் மாமா.

"ஊர்லதான் இருக்காரு. வூட்ல விருந்து" என்றேன்.

ஐயர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மாமா மோதிர விரலில் தர்ப்பையைச் சரி செய்துகொண்டார். செல்வாம்பாள் என்று மூன்று தடவை அம்மா பெயரைச் சொல்லி நீர் விட்டார். ஒரு சடங்கில் அம்மா பெயரை யாரோ உரக்கச் சொல்லி நான் கேட்டது, அவளைப் புதைத்த அன்றைக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

அழவில்லை. அழுகையைவிடக் கோபம்தான் பெரிதாக இருந்தது.

ஜனவரி 31, வெள்ளி

மாலை அப்பா வந்தார். சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வரலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றார். மாமாதான், "வாங்க மச்சான்" என்று கூப்பிட்டு நாற்காலி போட்டார்.

"அக்கா நேத்து கெளம்பிட்டா. பேசாமத்தான் போனா."

நான் ஏன் என்று கேட்கவில்லை.

"கதவுப் பேப்பரக் கிழிச்சிட்டேன். புது வருஷத்தன்னிக்கிக் காலையில. அன்னிக்கிக் கிழிக்கக் கூடாது, குடும்பத்துக்கு ஆவாது. கிழிச்சிட்டேன்."

"முப்பது வருஷம் கழிச்சு" என்றேன்.

"ம்."

"எங்கம்மா சமையக்கட்டு வாசல்ல நின்னாங்கப்பா. ஒவ்வொரு வருஷமும். நீங்க ஒரு தடவ திரும்பிப் பாத்தீங்களா?"

 மாமா கொண்டுவந்த டீயை அவர் குடிக்கவில்லை. டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, "கோவம் தீர்றப்ப வா" என்று எழுந்தார். தீராது என்றேன். "அப்ப கோவத்தோடயே வா" என்றார்.

இரண்டு நாள் யோசிக்கணும்.

பிப்ரவரி 5, புதன்

திரும்பி வந்துவிட்டேன். கோபத்தோடுதான். ஹாலில் தாத்தா படத்தையும் பாட்டி படத்தையும் தள்ளி மாட்டி நடுவில் ஓர் ஆணி அடித்து வைத்திருக்கிறார். அம்மா படத்தை நானே மாட்டினேன். நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. வேறு எதைப் பற்றியும் அதிகம் பேசவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

லீவு. மதியம் அப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். கடையில் தெய்வசிகாமணி சார் பேசிக்கொண்டிருந்தார், வருஷா வருஷம் ஷூ தைக்கக் கொடுப்பவர். நான் மாடிப்படியிலேயே நின்றுவிட்டேன்.

"என்ன சுங் சார், இந்த வருஷம் கதவுல செவப்பு ஒட்டலியா? ஒங்க பண்டிகையாச்சே."

அப்பா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"எம் பொண்டாட்டி தவறிட்டாங்க சார். வூட்டு மனுஷி போனா அந்த வருஷம் எங்க ஜனங்க ஒட்ட மாட்டோம்."