அக்கா போட வேண்டிய கையெழுத்து

மார்ச் 9, ஞாயிறு
சரவணம்பட்டி வீட்டை நானும் இவரும் மறுபடியும் பார்த்தோம். எனக்குப் பிடித்துவிட்டது. அதனால்தான் பயமாக இருக்கிறது. விற்கிற தம்பிதுரை அளவுக்கு மீறிச் சிரிக்கிறார். "பட்டா எம் பேருலயே இருக்குதுங்க அம்மணி. வில்லங்கம் ஒண்ணுமே இல்லீங்க." நான் கேட்கவே இல்லையே!

கீழே ஓர் அம்மா காபி கொடுத்தார். குடியிருப்பவராம், விற்றதும் காலி செய்துவிடுவாராம். வாடகை எவ்வளவு என்றேன். அந்த அம்மா தம்பிதுரையைப் பார்த்தார். அவர் மாடிப்படியைப் பார்த்தார்.

மார்ச் 11
இவர் முன்பணம் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார்! என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ரங்கநாயகி, உனக்கு யாரைப் பாத்தாலும் சந்தேகம்." ஆமாம், சந்தேகம்தான். வீடு வாங்கும்போது படாமல் வேறு எப்போது படுவதாம்?

மார்ச் 14
வக்கீல் கலீல் ரஹ்மானிடம் போனேன். "பட்டா பையன் பேருக்கு மாறிருக்குது. ஆனா பத்திரம் இன்னும் செத்துப்போன அப்பா பேருலதானுங்க நிக்குது. உயிலும் இல்லை. பொண்ணு இருந்தா அவங்களுக்கும் பங்கு உண்டு. வாரிசுச் சான்று கேளுங்க."

வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தோம். பதிவு செய்தது மட்டும்தான் அதில் வருமாம், வாரிசுப் பங்கு வராதாம்.

மார்ச் 18
சான்றில் வாரிசு இரண்டு பேர். தம்பிதுரை, அவருடைய அக்கா மயிலாத்தாள். அக்கா எங்கே இருக்கிறார் என்று கேட்டால் – காபி கொடுத்தாரே, அந்த அம்மாதான்! கூடப் பிறந்தவளைப் போய்க் குடியிருப்பவர் என்று சொல்ல எப்படி வாய் வந்தது?

அந்த ஆள் அசரவே இல்லை. "அக்காளுக்குச் சீரெல்லாம் செஞ்சாச்சுங்க. பங்கு வேண்டாம்னு விடுதலைப் பத்திரம் எழுதிக்கலாம். சொன்ன எடத்துல கையெழுத்துப் போட்டுருவாங்க." பிரச்சினை தீர்ந்தது என்று இவருக்கு ஒரே சந்தோஷம். எனக்கும்தான். பொய் சொல்வானேன்.

மார்ச் 24
பதிவு அலுவலகம். தம்பிதுரையும் இவரும் நகல் எடுக்கப் போயிருந்தார்கள். பெஞ்சில் நானும் மயிலாத்தாளும் மட்டும். அவர் கையில் பத்திரம், பேனா.

"ஏனுங்க அம்மணி, என்ற பங்குக் காசு எவ்வளவுன்னு இதுல எழுதிருக்குதுங்களா? தம்பி அப்பறம் சொல்றேன்னான்."

வாயைத் திறக்காமல் இருந்தால் வீடு எங்களுடையது. பேசாமல் இருந்துவிடலாமா? நான் என்ன, இந்த அம்மாவுக்குத் தங்கையா?

"காசே இல்லீங்கக்கா. எனக்கு ஒண்ணுமே வேண்டாம்னு நீங்க எழுதிக் குடுக்கறீங்க. ஆனா சட்டப்படி ஊட்டுல பாதி உங்குளுதுங்க."

பேனாவை மூடினார். பத்திரத்தை என் மடியில் வைத்துவிட்டு வெளியே நடந்தார்.

மார்ச் 25
நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று இவருக்குக் கோபம், சாப்பிடாமல் வேலைக்குப் போய்விட்டார். நானும் சாப்பிடவில்லை.

ஏப்ரல் 19
வக்கீல் நோட்டீஸ் போன பிறகு முன்பணம் திரும்பி வந்தது. அந்த வீட்டை நினைத்துக் குளியலறையில் அழுதேன். இவருக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 30
காலையில் மயிலாத்தாள் அக்கா போன் செய்தார். பாகம் பிரித்துக்கொண்டார்களாம். கோபியில் அப்பாவுக்கு இருந்த மனையைத் தம்பி எடுத்துக்கொண்டாராம். "ஊடு எம் பேருக்குப் பதிஞ்சாச்சுங்க. மாடி சும்மாதான் கெடக்குது. வாடகைக்கு வாரீங்களா?"

சாயங்காலமே போனோம். ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினார். இவர் உடனே பேனாவைத் திறந்தார்.

"இருங்க. ரெண்டு பேரும் நல்லாப் படிச்சுப் பாத்துப்போட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்றார் எங்கள் வீட்டுக்காரம்மா.