சித்திக்குக் கொடுத்த வைட்டமின்

கிள்ளான்
மலேசியா, 4 மார்ச் 2024

அருமை மகள் சிந்துவுக்கு, ஏழு கடலுக்கும் கேட்கும்படி அலறிக்கொண்டு சித்தப்பா எழுதுவது.

உன் சித்தி குமுதா என் போனைத் தினமும் சோதனை போடுவதால் தபாலை நம்பினேன். வியாழனன்று அவளைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். மூத்திரத்தில் கிருமியாம். ஒன்றிரண்டல்ல, லட்சக்கணக்கில்! நான் நாற்காலியிலிருந்து சரிந்த சரிவில் கிள்ளான் ஆறே ஒரு முழம் ஏறியிருக்கும். அந்தச் சின்ன டாக்டரம்மா சிரிக்கிறார். எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை, அதனால் மருந்தும் வேண்டாமாம். "நல்ல உடம்புலயும் மூத்திரப்பையில கிருமி இருக்கும் அங்கிள். விட்டுடுங்க லா" என்கிறார். விடுவதா? நாற்பத்தோரு வருஷமாக நான் கட்டிக்காத்த மகாராணியின் கோட்டைக்குள் கிருமிப் படையா?

போன வருஷம் திருச்சியில் மருந்துச் சீட்டில்லாமல் வாங்கிப் பெட்டி நிறையக் கொண்டுவந்தேனே ஆன்டிபயாட்டிக், அதில் காலையும் மாலையும் ஒன்று கொடுக்கிறேன். வைட்டமின் என்று சொல்லியிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் விழுங்கமாட்டாள். ஆய்வுக்கூடத்தில் இதே கிருமிகளை வளர்த்துப் பார்ப்பவள் நீ. என் வெற்றியை நீதான் அறிவிக்க வேண்டும்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் கிருமி சம்ஹாரன்,
தம்புசாமி சித்தப்பா


பெட்டாலிங் ஜெயா
7 மார்ச்

அன்புள்ள சித்தப்பா,

கடிதத்தை நின்றபடியே படித்தேன். டாக்டர் சொன்னது சரி. மூத்திரப்பையில் கிருமியே இருக்காது என்றுதான் எனக்கும் ஒருகாலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அது தவறென்று இப்போது தெரியும். அங்கே தொல்லை தராத கிருமிகளும் வாழ்கின்றன. அவை இடம்பிடித்து உட்கார்ந்திருப்பதால் கெட்டவை பெருகத் திணறலாம் என்று நினைக்கிறோம். உங்கள் மாத்திரைக்கு நல்லது கெட்டது தெரியாது. அதற்குச் சாகாத கிருமி மிஞ்சிப் பெருகினால் என்ன செய்வீர்கள்?

உடனே நிறுத்துங்கள். மாத்திரை அட்டையோடு டாக்டரிடம் போங்கள். நேற்று மூன்று முறை அழைத்தேன். சித்திதான் எடுத்தார். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் வைத்துவிட்டேன். நீங்களே சொல்லிவிடுங்கள். ஞாயிறன்று வருகிறேன்.

சிந்து


கிள்ளான்
21 மார்ச்

சிந்து,

நீ சித்தியைப் பார்க்க ஆஸ்பத்திரி வார்டுக்கு வந்தபோது நான் கேன்டீனில் ஒளிந்திருந்தேன். நேரில் சொல்ல முகமில்லாததை எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த வெள்ளிக்கிழமை காலையிலேயே குளிர்காய்ச்சல் சித்தியைத் தூக்கித் தூக்கிப் போட்டது. வேறு மருந்து ஏதும் சாப்பிட்டாரா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். "வைட்டமின் மட்டும்தான் டாக்டர். இவரு கையால கொடுத்தாரு" என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அட்டை என் சட்டைப்பையில் இருந்தது.

இரண்டு நாள் ஏற்றிய மருந்து கேட்கவில்லை. ஞாயிறு காலை கிருமியை வளர்த்துப் பார்த்த சோதனை முடிவு வந்தது. என் மாத்திரைக்கும் அதன் சொந்தபந்தங்களுக்கும் அசையாத கிருமியாம். சிறுநீரகம்வரை ஏறியிருந்தது. அப்போதுதான் அட்டையை எடுத்து அவள் கண்ணெதிரே மேசையில் வைத்தேன். மருந்தை மாற்றினார்கள். பிழைத்தாள்.

நேற்று வீட்டுக்கு வந்துவிட்டோம். திட்டுவாள் என்று காத்திருக்கிறேன். திட்டவேயில்லை. இன்று காலை மைலோ கலக்கி நீட்டினேன். "நீங்க முதல்ல குடிங்க" என்றாள்.

பாதி குடித்துக் காட்டினேன். அவள் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய், தனக்குத் தானே ஒன்று கலக்கிக்கொண்டாள்.

தம்புசாமி