ஒண்டி ஆளுக்குப் பெரிய பெட்டி

சைதாப்பேட்டை
12.6.1997

அன்புள்ள கயல்,

ஒரு மாத ஆலோசனைக்குப் பின், நம் கம்ப்யூட்டருக்குப் பெரிய கேபினெட்தான் என்று முடிவெடுத்துவிட்டேன். நான் நலம். உன் இருமல் நின்றதா?

பாகங்கள் விற்கும் வடிவேலு, "ஒண்டி ஆளுக்கு இன்னாத்துக்கு சார் இம்மாம் பெரிய பொட்டி?" என்றார். ஒண்டி ஆள் இல்லை, மனைவி ஊரில் பள்ளி ஆசிரியை, மாற்றல் கிடைத்ததும் வந்துவிடுவாள், அதற்குப் பிறகும் கம்ப்யூட்டர் உழைக்க வேண்டும் என்றேன்.

"கவர்மென்ட்டு மாத்தலா? அப்ப பவர் சப்ளையும் ஒசத்தியா போட்டுக்க சார்."

போட்டுக்கொண்டேன்.

தூசி படாமல் மூட உன் பழைய நூல் புடவை ஒன்று அனுப்பு. துவைக்க வேண்டாம்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. மேசையில் மானிட்டருக்கு மட்டுமே இடம் இருந்தது. கேபினெட் கட்டிலில் உன் பக்கம் இருக்கிறது.

செம்பியன்