சிவப்புப் பொத்தான்

செவ்வாய், 12

காலையில் மூடுபனி. பிற்பகல் தூறல்.

கார்ப் பந்தய விளையாட்டு எனக்கு ஏன் பிடித்திருக்கிறது:
1. மோதினால் யாருக்கும் வலிக்காது. மூன்று விநாடியில் கார் மீண்டும் சாலையில்.
2. வளைவில் கார் வழுக்கிக்கொண்டே போவது. வயிற்றில் ஒரு கூச்சம்.
3. கவனமாக ஓட்டுபவனும் ஜெயிக்கலாம்.

மூன்றாவதுதான் முக்கியம். மலைச்சாலையில், திரிங்காப் வளைவில் என் கார் காய்கறி லோரியை உரசி ஆறு வாரம் ஆகிறது. அதன் பிறகு காரைத் தொடவில்லை. பள்ளி விடுமுறைக்கு வந்த என் ஆசிரியை மகள் மலர், விளையாட்டுப் பெட்டியைத் தொலைக்காட்சியில் இணைத்து, "கை நடுக்கம் போக இதுல பழகுங்கப்பா" என்றாள். வெள்ளிக்கிழமை என் மனைவி சரோஜாவுக்குத் தானா ராத்தா மருத்துவமனையில் கண் பரிசோதனை. அன்று நான் ஓட்டாவிட்டால் காரை விற்பதாகப் பேச்சு.

இன்று மூன்று பந்தயம். மூன்றிலும் முதல். ஏதோ தவறாக இருக்கும்.

புதன், 13

வெயில். துணி காய்ந்தது. ஐந்தில் நான்கு வெற்றி.

தேயிலைத் தோட்டச் சாலையில் போலவே ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் ஹார்ன். எது ஹார்ன் என்று மலரிடம் கேட்கக் கூச்சம். சிவப்புப் பொத்தான் என்று வைத்துக்கொண்டேன். சத்தம்தான் கேட்கவில்லை. காது மந்தமோ? மருத்துவரிடம் கேட்க.

சரோஜாவும் ஆடினாள். அவள் காரைக் கடலில் தள்ளிவிட்டேன். சிரித்தும்விட்டேன்.

"நாப்பது வருசமா எதுத்து ஒரு வார்த்த பேசாத மனுசன், என்னைய கடல்ல தள்ளிட்டு சிரிக்கிறத பாரு."

மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிப்பெல்லாம் வேணாம் லா. இன்னொரு ஆட்டம் போடுங்க."

வியாழன், 14

மழை. மலர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள்.

"ஏம்ப்பா, வளைவு வந்தாலே அந்த பட்டன அமுக்குறீங்க?"

"ஹார்ன்மா."

"ஹார்னா? இந்த கேம்ல ஹார்னே கிடையாதுப்பா. அது வேகத்த கூட்டுற பட்டன்."

மற்றவர்கள் வேகத்தைக் குறைக்கும் இடத்தில் எல்லாம் நான் கூட்டியிருக்கிறேன். மூன்று நாளாக.

கார் சாவியை மலரிடம் நீட்டினேன். "நாளைக்கு நீயே ஓட்டும்மா."

சரோஜா இடையில் புகுந்து சாவியைப் பிடுங்கினாள். "அவ்ளோ வேகத்துலயும் ரோட்ட விட்டு எறங்கல இல்ல? அப்புறம் கையில என்ன கோளாறு?"

சாவியை மேசைமேல் வைத்தாள்.

வெள்ளி, 15

எட்டு மணிக்குப் பனி விலகியது. நான்தான் ஓட்டினேன். பக்கத்தில் சரோஜா, பின்னால் மலர். பிரிஞ்சாங் டவுன் வரை முப்பது கிலோமீட்டர் வேகத்தில். கை நடுங்கவில்லை. டவுனைத் தாண்டிய நேர்ச்சாலையில் சரோஜா வேகமானி முள்ளைக் காட்டினாள்.

"என்னங்க, அறுபதுக்கு மேல போகுது."

அறுபத்தைந்து. அழுத்தியது என் கால்தான். எடுத்தேன். எடுக்க மனமில்லை.

சரோஜாவுக்கு மூக்குக்கண்ணாடி மாற்றினால் போதுமாம். காரை விற்கும் பேச்சை மலர் எடுக்கவில்லை.

செவ்வாயன்று மூன்றாவதாக எழுதியது தவறு. ஜெயித்தது கவனம் அல்ல. எனக்கு வேகம் பிடித்திருக்கிறது. இந்த வயதில்.